பிள்ளையின் எரிகாயம் 12 வீதமா, 7 வீதமா?

கேள்வி கேட்ட தாய் எழுதியிருப்பது இதுதான். இரண்டரை வயது மகள், எடை 12 கிலோ. வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் மேசைவிரிப்பைப் பிடித்து இழுத்ததில், அப்போதுதான் ஊற்றி வைத்த தேத்தண்ணி பிள்ளையின் நாடி, கழுத்து, நெஞ்சு, வலது மேற்கை எல்லாவற்றிலும் கொட்டிவிட்டது. முதலில் கொண்டுபோன இடத்தில் "12 வீதம்" என்று துண்டில் எழுதி, சேலைன் ஏற்றி, பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே "7 வீதம்" என்று எழுதி, சேலைனைக் கழற்றிவிட்டு, குடிக்கக் கொடுங்கள் என்றார்கள். "ஒரே உடம்பு, ஒரே காயம், இரண்டு மணித்தியாலத்துக்குள் இரண்டு கணக்கு. யாரை நம்புவது?" என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதை அரிப்பது வேறொன்று என்று நினைக்கிறேன். குறைத்துக் கணக்குப் போட்டு, என் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய வைத்தியத்தையும் குறைத்துவிட்டார்களா என்பதுதானே அது? அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் டொக்டர் இல்லை. கொழும்பில் 26 வருடம் தாதியாக இருந்தவள், அதில் பெரும்பகுதி எரிகாய வாட்டில். உங்கள் மகளை நான் பார்க்கவில்லை. அதனால் அவளுடைய சரியான எண் இதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த எண் எப்படி வருகிறது, ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது, மாறினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

முதல் விஷயம், எரிகாயத்தின் பரப்பு என்று வைத்தியசாலையில் எழுதுவது சிவந்த இடம் முழுவதையும் அல்ல. சுடுதண்ணி பட்டுச் சிவந்து, தோல் உரியாமல், கொப்புளம் போடாமல் காய்ந்து கிடக்கிற இடத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெயிலில் நின்றால் சிவக்கிறதே, அதைப் போன்றது அது. அந்த இடத்தால் உடம்பின் நீர் வெளியே கசியாது, ஓரிரு நாளில் தணிந்துவிடும். கொப்புளம் போட்ட இடம், தோல் வழுகி ஈரமாக மினுங்கும் இடம், வெளிறிப்போன இடம், கருகிய இடம், இவை மட்டுமே கணக்கு. இதில் சந்தேகமே இல்லை, எல்லாப் பாடப்புத்தகமும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் சம்பவம் நடந்து அரை மணித்தியாலத்தில், பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருக்கும்போது, எது வெறும் சிவப்பு, எது இனிக் கொப்புளிக்கப் போகிற இடம் என்று பிரிப்பது லேசான காரியம் இல்லை. அதுவும் நம்முடைய தோல் நிறத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. செம்பு நிறமாகவோ, பக்கத்துத் தோலைவிடக் கொஞ்சம் கறுத்தோ தெரியும். வெள்ளைத் தோலின் படங்களைப் பார்த்துப் படித்த புதிய டொக்டர்மார் இதில் தடுமாறுவதை நிறையக் கண்டிருக்கிறேன். கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, கையுறை போட்ட விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். தோல் இறுக்கமாக ஒட்டியிருக்கிறதா, இல்லை அடியில் வழுகுகிறதா என்பதை விரல் சொல்லிவிடும்.

இரண்டாவது, எந்த முறையால் அளந்தார்கள் என்பது. அவசரத்துக்கு எல்லோரும் கையில் எடுப்பது ஒன்பதின் விதி. வளர்ந்த ஒருவரின் தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, உடலின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, ஒவ்வொரு காலும் 18, பிறப்புறுப்புப் பகுதி 1. கூட்டினால் 100. எடின்பரோவில் இருந்த வாலஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1951இல் எழுதிப் பரவலாக்கிய முறை இது. நினைவில் வைக்கச் சுலபம், நடு இரவிலும் தவறாது. ஆனால் இது வளர்ந்தவர்களின் உடம்புக்கு ஆனது. உங்கள் மகளின் தலையை ஒருதரம் பாருங்கள், உடம்போடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிது! ஒரு வயது வரை தலையும் கழுத்தும் மட்டுமே 18 வீதம் வரும், கால்கள் ஆளுக்கு 14 வீதத்துக்குள் நிற்கும். அதற்குப் பிறகு வயது ஒவ்வொன்றுக்கும் தலையில் 1 வீதம் குறைத்து, ஒவ்வொரு காலுக்கும் அரை வீதம் கூட்டிக்கொண்டு போனால், பத்து வயதளவில் பெரியவர் கணக்கை அடையும்.

இதைவிட நுணுக்கமானது லண்ட், பிரௌடர் என்ற இருவரும் 1944இல் வெளியிட்ட அட்டவணை. 1942 நவம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் கோகோனட் குரோவ் என்ற இரவு விடுதி தீப்பற்றி 492 பேர் இறந்தார்கள். அந்த நகரத்து வைத்தியர்கள் அந்த அனுபவத்தோடு எழுதியது அது. அதில் மனித உருவம் முன்னும் பின்னுமாக வரைந்திருக்கும், எரிந்த இடத்தை நிறம் தீட்டிக்கொண்டு போக வேண்டும். உடலின் முன்பக்கம் 13, பின்பக்கம் 13, மேற்கை 4, முன்கை 3, மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கை 2.5, கழுத்து சுற்றிவர 2 என்று துண்டு துண்டாக எண் இருக்கும். உங்கள் மகளின் வயதில் தலைக்கு 17, தொடை ஒன்றுக்கு 6.5. பெரியவர்களுக்கு அதே தலை 7, தொடை 9.5. அந்த அட்டவணையில் வயதோடு மாறுவது தலையும் தொடையும் கீழ்க்காலும்தான். நெஞ்சும் கையும் எந்த வயதிலும் அதே எண்தான்.

இனி உங்கள் மகளின் இரண்டு எண்களையும் இந்த இரண்டு முறைகளிலும் வைத்துப் பார்த்தேன். இது என் ஊகம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் ஒன்பதின் விதியை எடுத்து, சிவப்பையும் சேர்த்து உடலின் முன்பக்கத்தில் பாதி என்று கண்டிருந்தால் 9. கையில் மூன்றில் ஒரு பங்கு என்றால் 3. மொத்தம் 12. இரண்டாவது இடத்தில் கழுவித் துடைத்து, சிவப்பை விட்டுவிட்டு, அட்டவணையைப் பார்த்திருந்தால், முன்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4 வீதத்துக்குக் கொஞ்சம் மேல். மேற்கையின் முன்பாதி 2, கழுத்தின் முன்பாதி 1. மொத்தம் 7. இரண்டு பேருமே அக்கறையாக அளந்து, இரண்டு பேரும் இந்த எண்களுக்கு வந்திருக்க முடியும். யாரும் பொய் எழுதவில்லை.

உள்ளங்கைக் கணக்கையும் சொல்ல வேண்டும், வீட்டில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பது அதுதான். நோயாளியின் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, உடம்பில் ஏறத்தாழ 1 வீதம். இங்கே பெரிய பிழை ஒன்று நடக்கும். நோயாளியின் கை என்பதை மறந்து, அளக்கிறவர் தன் கையை வைத்துப் பார்த்துவிடுவார். உங்கள் கை உங்கள் மகளின் கையைப் போல் எத்தனை மடங்கு என்று இப்போதே வைத்துப் பாருங்கள், விளங்கும். நான் செய்வது என்னவென்றால், பிள்ளையின் காயமில்லாத கையை விரல்களை ஒட்டவைத்து ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து, மணிக்கட்டு ரேகையில் இருந்து விரல் நுனி வரை பேனையால் சுற்றி வரைந்து, வெட்டி எடுத்துக்கொள்வேன். அந்தக் கடதாசிக் கையைக் காயத்தில் தொடாமல் மேலே பிடித்து, எத்தனை கை என்று எண்ணுவேன். சிந்திய காயம், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக இருக்கிற காயம், இதற்கெல்லாம் இதைவிடத் தோதான வழி கிடையாது. ஆனால் இதுவும் முழுச் சரியில்லை. வளர்ந்தவர்களுக்கு விரல்களோடு சேர்த்த உள்ளங்கை 0.8 வீதத்துக்குக் கிட்டத்தான் வரும், விரல் இல்லாமல் பார்த்தால் அரை வீதம். பிள்ளைகளுக்கு 1 வீதத்தோடு நெருங்கும். ஆகப் பெரியவர்களின் பெரிய காயத்தை உள்ளங்கையால் எண்ணினால் கணக்கு ஊதிவிடும்.

சரி, 12க்கும் 7க்கும் நடுவில் ஏன் இவ்வளவு பேச்சு என்றால், நடுவில் 10 நிற்கிறது. பிள்ளைகளுக்கு 10 வீதத்தைத் தாண்டினால், பெரியவர்களுக்கு 15ஐத் தாண்டினால், சில நாடுகளில் 20ஐத் தாண்டினால், நரம்பு வழியாகக் கணக்குப் போட்டு நீர் ஏற்ற வேண்டும் என்பது நடைமுறை. எரிந்த தோல் வழியாகவும், பெரிய காயமென்றால் எரியாத இடத்து இரத்தக் குழாய்கள் வழியாகவும்கூட, நீர் உடம்புக்குள்ளேயே கசிந்துபோய், இரத்த ஓட்டத்துக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். அமெரிக்காவின் டலஸ் நகரில் பார்க்லாந்து வைத்தியசாலையில் பக்ஸ்டர் என்பவர் 1968இல் தந்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 4 மில்லிலீற்றரை எடையால் பெருக்கி, எரிந்த வீதத்தால் பெருக்க வேண்டும். அதில் பாதியை முதல் 8 மணித்தியாலத்துக்குள்ளும், மீதியை அடுத்த 16 மணித்தியாலத்திலும் ஏற்ற வேண்டும். அந்த 8 மணித்தியாலம் தேத்தண்ணி கொட்டிய நேரத்தில் இருந்து தொடங்கும், வாட்டுக்கு வந்த நேரத்தில் இருந்து அல்ல. உங்கள் மகளுக்கு 12 வீதம் என்று வைத்தால் 4 பெருக்கல் 12 பெருக்கல் 12, 576 மில்லிலீற்றர். அன்றாடம் உடம்புக்கு வேண்டிய நீர் இதற்குப் புறம்பு. 7 வீதம் என்றால் 10க்குக் கீழே, வாயால் குடிக்கிற பிள்ளைக்குப் பாலும் தண்ணியும் ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசலும் போதும். அதனால்தான் ஒரு இடத்தில் சேலைன் ஏறியது, மற்ற இடத்தில் கழன்றது. இப்போது பல இடங்களில் அந்த 4க்குப் பதிலாகப் பெரியவர்களுக்கு 2, பிள்ளைகளுக்கு 3 என்று தொடங்குகிறார்கள். எது சிறந்தது என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. 3 என்று வைத்தால் அதே 12 வீதத்துக்கு 432தான் வரும். பெருக்குகிற எண்ணே இப்படி மாறும்போது வீதத்தை மட்டும் கல்லில் எழுதினதுபோல் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

எரிகாய வாட்டில் வேலை செய்தவர்கள் வீதத்தைவிட நம்புவது சிறுநீரை. கணக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. நீர் போதுமா போதாதா என்பதைச் சிறுநீர் சொல்லும். பிள்ளைக்குக் கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு 1 மில்லிலீற்றர், பெரியவருக்கு அதில் பாதி. உங்கள் மகளுக்கு மணித்தியாலத்துக்கு 12 மில்லிலீற்றர். குழாய் போடாத சின்னப் பிள்ளைகளுக்கு நாங்கள் பம்பர்ஸைத் தராசில் வைத்து நிறுப்போம். காய்ந்த பம்பர்ஸின் நிறையைக் கழித்தால் மீதி எத்தனை கிராமோ, ஏறத்தாழ அத்தனை மில்லிலீற்றர். நான்கு மணித்தியாலத்தில் 50 கிராம் கூடியிருந்தால் மனதுக்கு நிம்மதி. உங்கள் மகளின் பம்பர்ஸை அவர்கள் வாங்கி நிறுத்தார்கள் என்றும், "இதைப் போய் ஏன் நிறுக்கிறார்கள்" என்று உங்களுக்கு விளங்கவில்லை என்றும் கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சேலைனைக் கழற்றிய பிறகும் பம்பர்ஸை நிறுக்கிற வாட், பிள்ளையைக் கைவிட்ட வாட் இல்லை.

குறைத்து அளந்தால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பிழையில் நானும் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். குப்பி விளக்கு, அதாவது போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்கு, சரிந்து உடுப்பில் தீப்பிடித்த ஓர் இளம் பெண், 50 கிலோ இருக்கும். முன்பக்கத்தையும் கையையும் பார்த்து 22 வீதம் என்று எழுதினோம். வலி தாங்காமல் துடித்ததால் புரட்டிப் பார்க்கவில்லை. கணக்குப்படி 4,400 மில்லிலீற்றர் போட்டு ஏற்றிக்கொண்டிருந்தோம். மணித்தியாலத்துக்கு 25 மில்லிலீற்றர் வர வேண்டிய சிறுநீர், இரவு இரண்டு மணிக்குப் பையில் 10தான், அதுவும் கடுந்தேயிலை நிறத்தில். டொக்டரைக் கூப்பிட்டேன், வேகத்தைக் கூட்டினார். விடிய, நான்கு பேர் சேர்ந்து விரிப்போடு தூக்கிப் புரட்டினோம். முதுகின் கீழ்ப்பாதியும் பிட்டமும் தொடையின் பின்பக்கமும் விரிப்போடு ஒட்டிக்கொண்டு வந்தன. இன்னுமொரு 11 வீதம். வேண்டியிருந்தது 6,600. அந்தப் பெண் பிழைத்தாள், தோல் ஒட்டி ஏழு கிழமையில் வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து எவ்வளவு அழுதாலும் புரட்டாமல் நான் ஒரு எண்ணையும் எழுதியது கிடையாது. அந்தக் காலத்தில் குப்பி விளக்குக் காயம் இல்லாத கிழமையே இருக்காது. விஜய கொடகும்புர என்ற நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் அதைப் பார்த்துப் பார்த்தே, குள்ளமாக, கனமாக, சரிந்தாலும் உருளாத தட்டைப் பக்கத்தோடு, திருகு மூடி போட்ட ஒரு விளக்கைச் செய்து பரப்பினார். 1998இல் அதற்காக ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவருக்கு நாங்கள் எல்லோரும் கடமைப்பட்டவர்கள்.

கூட்டி அளந்தாலும் தீங்கு உண்டு. தேவைக்கு மேல் ஏறிய நீர் காயத்தில் வீக்கமாகவும், நெஞ்சில் மூச்சுத் திணறலாகவும் வந்து நிற்கும். சின்ன வைத்தியசாலைகளில் இருந்து வரும் துண்டுகளில் சின்னக் காயங்கள் பெரும்பாலும் கூட்டித்தான் எழுதப்பட்டிருக்கும். இது நம் நாட்டில் மட்டும் நடப்பது இல்லை, எல்லா நாட்டிலும் பதிவான சங்கதி. பயத்தில் கூட்டுவது, குறைத்துவிட்டு விடுவதைவிடப் பரவாயில்லை என்று அனுப்புகிறவர் நினைப்பார். அவர் நிலையில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். அனுப்பும் முன் பற்பசை, மஞ்சள், வெள்ளைக் கிறீம் என்று எதையாவது பூசிவிட்டால் பெரிய வைத்தியசாலையிலும் சரியாக அளக்க முடியாது, முதலில் அதைக் கழுவி எடுக்கவே பிள்ளை இன்னொருமுறை துடிக்கும். உங்கள் மாமி பற்பசையைக் கொண்டு ஓடிவந்தபோது நீங்கள் தடுத்தது மிகச் சரியான காரியம்.

குழாய்த் தண்ணியில் பிடித்ததும் சரி. ஓடுகிற சாதாரணத் தண்ணியில் 20 நிமிடம். சம்பவம் நடந்து மூன்று மணித்தியாலம் வரை அதற்குப் பலன் உண்டு. ஐஸ் கூடாது. கொழும்பு மாடிவீடுகளில் மத்தியான வேளையில் தாங்கித் தண்ணியே சுடும், முதலில் வருவதைக் கொஞ்சம் ஓடவிட்டு, கையால் பார்த்துத்தான் பிள்ளையைப் பிடிக்க வேண்டும். நனைந்த சட்டை, பம்பர்ஸ், வளையல், அரைஞாண் எல்லாவற்றையும் வீங்கும் முன் கழற்றிவிட்டு, காயமில்லாத இடத்தைப் போர்த்தி, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

இன்னும் ஒன்று, வீதம் சொல்லாத விஷயங்கள் இருக்கின்றன. முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் 1 வீதமே என்றாலும் எரிகாயப் பிரிவில் காட்ட வேண்டும். மின்சாரம் தாக்கினால் தோலில் தெரிவது ஒரு காசளவு, உள்ளே தசை முழுவதும் போயிருக்கலாம். தழும்பு வருமா என்று நீங்கள் கேட்டதற்கும் வீதத்துக்கும் சம்பந்தமில்லை, அது ஆழத்தைப் பொறுத்தது. இரண்டு கிழமைக்குள் மூடிவிட்ட காயம் பெரும்பாலும் நிறமாற்றத்தோடு போய்விடும். மூன்று கிழமை தாண்டியும் ஆறாவிட்டால் தடித்த தழும்பு வரக்கூடும். சுடுதண்ணிக் காயத்தின் ஆழம் முதல் இரண்டு மூன்று நாளில் மாறிக்கொண்டே இருக்கும், அதனால்தான் மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்துத் திரும்பப் பார்க்கிறார்கள். அன்று 7 என்பது 8 ஆகியிருந்தால் அதுவும் பிழையாகாது. இந்த அளவு சுடுதண்ணிக் காயத்தோடு நேரத்துக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டு வீட்டுக்குப் போனதைத்தான் என் வேலைக் காலத்தில் பார்த்திருக்கிறேன்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் 7 என்பதே நம்பக்கூடிய எண், கழுவியபின் அட்டவணையோடு அளந்ததாக இருந்தால். சேலைனைக் கழற்றியது அலட்சியத்தால் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் காய்ச்சல், குடிக்க மறுத்தல், வழமைக்கு மாறாகத் தூங்கி வழிதல், ஆறு மணித்தியாலமாகக் காய்ந்த பம்பர்ஸ், தோலில் திடீரென்று சொறி, வாந்தி, வயிற்றுப்போக்கு, இதில் எது கண்டாலும் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே கொண்டு போங்கள். சின்ன எரிகாயத்திலும் கிருமி நஞ்சால் பிள்ளைக்குச் சட்டென்று சுகமில்லாமல் போகலாம், காயத்தைப் பார்த்தால் அது தெரியாது. கிளினிக்குக்குப் போகும்போது இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு போய், "இதில் 12, இதில் 7, சிவப்பையும் சேர்த்தா கணக்கு?" என்று தயங்காமல் கேளுங்கள் தங்கச்சி, அது அவர்களுக்குப் பழக்கமான கேள்விதான். நாடிக்குக் கீழே கழுத்து மடிப்பை விரித்து ஒருமுறை பார்க்கவும் சொல்லுங்கள். தேத்தண்ணி அங்கேதான் தேங்கி நிற்கும், குண்டுப் பிள்ளைகளுக்கு அந்த மடிப்பு இலகுவில் கண்ணில் படாது.